வயதான நாயின் மூட்டுவலியும் விறைப்பும்: வீட்டில் செய்ய வேண்டியவை, மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

நீங்கள் எழுதியிருந்ததன் சுருக்கம் இது. 12 வயது லேப்ரடார், எடை 39 கிலோ. தூங்கி எழுந்ததும் பின்னங்கால்கள் விறைத்து, பத்துப் பதினைந்து அடி நொண்டுகிறது. அப்புறம் சாதாரணமாக நடக்கிறது. மூன்று மாதமாக மாடிப்படி ஏறுவதில்லை. அதற்கு முன்பு இரவில் மாடியில் மகளின் கட்டிலருகில்தான் படுக்கும். டைல்ஸ் தரையில் கால் வழுக்குகிறது. ஆனால் அழுவதில்லை, முனகுவதில்லை, சாப்பாட்டில் குறையில்லை. அதனால் வீட்டில் எல்லோரும் “வயசாயிடுச்சு, அவ்வளவுதான்” என்கிறார்கள். உங்கள் கேள்விகள் மூன்று: இது வலியா, வெறும் வயதா? வீட்டிலிருக்கும் மூட்டுவலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? அது மறுபடி மாடி ஏறுமா?

மாத்திரைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அவசரம். கொடுக்காதீர்கள். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நேப்ராக்ஸன் எல்லாம் மனித உடலைக் கணக்கிட்டுச் செய்தவை. நாயின் உடல் அவற்றை வேறு விதமாகக் கையாள்கிறது. நேப்ராக்ஸனையே எடுத்துக்கொள்ளுங்கள்: நம் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய அரை நாளுக்குச் சற்று மேல் ஆகும், நாயின் உடலில் சுமார் மூன்று நாள். முதல் மாத்திரை உள்ளே இருக்கும்போதே இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்துகொள்ளும். இரைப்பையில் புண், ரத்த வாந்தி, சிறுநீரகச் செயலிழப்பு எனப் போய் முடியும். பாராசிட்டமாலைச் சில சமயம் மருத்துவரே அளவு கணக்கிட்டு நாய்க்குத் தருவதுண்டு. அதைப் பார்த்து நாமாகக் கொடுத்து அளவு கூடிவிட்டால் கல்லீரல் கெடும். வீட்டில் பூனையும் இருந்தால் அதற்கு ஒருபோதும் கூடாது. ஒரு மாத்திரையே அதன் உயிரைப் பறித்துவிடும். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால், “ஒன்றும் ஆகவில்லையே” என்று காத்திராமல் மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம் மூன்றையும் இன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம். அடுத்து அவர் எந்த வலி மருந்தை எப்போது தொடங்கலாம் என்பதே அதை வைத்துத்தான் முடிவாகும்.

இனி, வலியா வயதா. வயது நாயை மெதுவாக்கும், உண்மை. ஆனால் முதல் பதினைந்து அடிக்கு மட்டும் மெதுவாக்கிவிட்டு, பதினாறாவது அடியில் வயது இறங்கிப் போய்விடாது. படுத்து எழுந்ததும் விறைப்பு, நடக்க நடக்கத் தளர்வு என்பது மூட்டுத் தேய்மானத்தின் கையெழுத்து. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் நீங்கள் விவரித்த நாய்க்கு வலி இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

அழவில்லையே என்கிறீர்கள். திடீரென வரும் வலிக்கு நாய் கத்தும்: கால் மிதிபட்டால், முள் குத்தினால். மாதக்கணக்கில் மெல்ல ஏறும் வலிக்கு அது குரல் கொடுப்பதில்லை. தன் பழக்கங்களைச் சுருக்கிக்கொள்கிறது. சோபாவில் ஏறுவதை விடும். நடையில் முன்னால் இழுத்த நாய் பின்னால் வரும். கால் தூக்கிச் சிறுநீர் கழித்த ஆண் நாய் நின்றபடியே கழிக்கும். மலம் கழிக்கக் குந்த முடியாமல் நடந்துகொண்டே கழிக்கும். உட்காரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும். ஒரே மணிக்கட்டை அல்லது முழங்காலைத் திரும்பத் திரும்ப நக்கும். இரவில் படுக்க இடம் மாற்றி மாற்றிச் சுற்றும். இடுப்பில் கைவைத்தால் திரும்பிப் பார்க்கும் அல்லது மெல்ல விலகிப் போகும்.

இதை நான் பாடமாக மட்டும் சொல்லவில்லை. பல ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். ஆனாலும் என் சொந்த நாய் கறுப்பி வாசலுக்கு ஓடிவந்து என்னை வரவேற்பதை நிறுத்தியபோது, “வயதாகி நிதானம் வந்துவிட்டது” என்றுதான் நினைத்தேன். படுத்த இடத்திலிருந்தே வாலை ஆட்டுவாள். பிறகொரு நாள் குளிப்பாட்டும்போது, ஈர முடிக்கடியில் தொடைகள் இரண்டும் கரைந்து எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. அவ்வளவு தசை கரைய மாதங்கள் ஆகும். அத்தனை மாதமும் அவள் பின்னங்கால்களில் பாரம் போடாமல் முன்னங்கால்களில் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறாள், என் கண்ணெதிரே. வலி மருந்து தொடங்கிய இரண்டாவது வாரத்தில் மறுபடி வாசலுக்கு வந்தாள். உங்கள் வீட்டில் “வயசாயிடுச்சு” என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை, நானும் சொன்னவன்தான். ஆனால் அந்தச் சொல் ஒரு சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறது என்பதால் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மூட்டுக்குள் நடப்பது என்ன என்று கொஞ்சம் தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பில்லாததால் அது தேயும்போது நேரடியாக வலிக்காது. தேய்ந்த துகள்கள் மூட்டின் உள்ளுறையை உறுத்தி அழற்சியைக் கிளப்பும். உள்ளுறை, அதைச் சுற்றிய பை, குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பு இவையெல்லாம் நரம்பு நிறைந்த இடங்கள். வலி அங்கிருந்துதான் வருகிறது. ரத்தக் குழாய் இல்லாததால் குருத்தெலும்புக்கு மூட்டுத் திரவமே உணவு. மூட்டு அசையும்போது பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல அந்தத் திரவம் உள்ளே போய் வெளியே வரும். அதனால்தான் முழு ஓய்வு மூட்டுக்கு உதவாது, அளவான அசைவு உதவும். இழந்த குருத்தெலும்பு பழையபடி வளராது. குணப்படுத்த முடியாது என்பதன் பொருள் அதுதான். ஆனால் அழற்சியையும் வலியையும் பாரத்தையும் குறைக்க முடியும். நாய் உணர்வது இந்த மூன்றைத்தான்.

மனிதர்களுக்கு வருவதிலிருந்து ஒரு வித்தியாசம் உண்டு. நாய்களில் பெரும்பாலும் இது வேறொரு குறையின் தொடர்ச்சியாகவே வருகிறது: பிறவியிலேயே சரியாகப் பொருந்தாத இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டின் வளர்ச்சிக் குறை, முழங்காலுக்குள் அறுந்த தசைநார், இடம் விலகும் முழங்கால் சில்லு, பழைய எலும்பு முறிவு. லேப்ரடாருக்கு இடுப்பும் முழங்கையும் முழங்காலும் மூன்றுமே சந்தேகத்துக்குரியவை. ஆகவே மருத்துவர் முதலில் கையால் ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்டிப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே அதற்குப் பிறகுதான். படத்தில் தெரிவதும் வலியின் அளவும் ஒத்துப்போக வேண்டியதில்லை; படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டோடு நன்றாக நடக்கும் நாய்களும் உண்டு, லேசாகத் தெரிவதோடு தவிக்கும் நாய்களும் உண்டு.

மூட்டுவலிபோலத் தோற்றம் காட்டும் வேறு சிலவற்றையும் அவர் விலக்கிப் பார்க்க வேண்டும். முதுகெலும்பின் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தலாம். தண்டுவடம் மெல்லச் சிதையும் நோயில் பின்னங்காலின் மேற்புறம் தரையில் தேயும், வலியே இருக்காது. உண்ணிகள் பரப்பும் சில காய்ச்சல்களில் பல மூட்டுகள் ஒரே சமயத்தில் வீங்கும். தைராய்டு குறைந்த நாய் மந்தமாகும், எடை கூடும். பெரிய இனங்களில் ஒரே காலில் திடீரென நொண்டல் வந்து எலும்பின் முனைப் பக்கம் வீக்கமும் இருந்தால், எலும்புப் புற்றுநோயை நினைக்காமல் வலி மருந்தை மட்டும் எழுதித் தரக் கூடாது.

இப்போது எடை. 39 கிலோ என்று படித்ததுமே எனக்கு வழி தெரிந்தது போல இருந்தது, ஏனென்றால் இது முழுக்க உங்கள் கையிலிருப்பது. விலா எலும்புகளின் மேல் விரல்களைத் தட்டையாக வைத்து அழுத்தாமல் தடவுங்கள். நம் புறங்கையின் எலும்புகளைத் தடவும்போது தெரிவதுபோல விலாவும் தெரிய வேண்டும். அழுத்தித் தேடவேண்டியிருந்தால் கொழுப்பு அதிகம். மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும். பக்கவாட்டில் வயிறு மேல்நோக்கி ஏற வேண்டும். மருத்துவர்கள் இதை 9 புள்ளி அளவில் மதிப்பிடுவார்கள். 4 அல்லது 5 சரியானது. உங்கள் நாய்க்கு எத்தனை என்று கேளுங்கள்.

எடைக்கும் மூட்டுக்கும் உள்ள தொடர்பு ஊகமல்ல. 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002இல் முடிவுகள் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பாதி நாய்களுக்குத் தம் இணை நாய்களைவிட 25 சதவீதம் குறைவாக உணவு தரப்பட்டது. ஒல்லியாக இருந்த நாய்களுக்கு மூட்டுத் தேய்மானம் தாமதமாக வந்தது, சிகிச்சையும் பின்னரே தேவைப்பட்டது. ஆயுளும் நடுத்தரக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடின. ஏற்கெனவே மூட்டு தேய்ந்த குண்டு நாய்களிலும், உடல் எடையில் 6 சதவீதம் சொச்சம் குறைந்த கட்டத்திலேயே நொண்டல் கவனிக்கத்தக்க அளவில் குறைந்ததாக 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் நாய்க்கு அது இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு. சரியான எடைக்கு வந்து சேரும் முன்பே, பாதி வழியிலேயே அதற்குச் சுகம் தெரியத் தொடங்கும்.

வாரத்துக்கு உடல் எடையில் சுமார் 1 சதவீதம், அதாவது 400 கிராமுக்குள் இறங்கினால் போதும். வேகம் வேண்டாம், வயதான உடலில் கொழுப்போடு தசையும் சேர்ந்து போய்விடும், தசைதான் இனி மூட்டுக்குத் தூண். அதனால் இப்போது தரும் உணவையே பாதியாக்குவதைவிட, புரதம் குறையாமல் கலோரி குறைந்த உணவுக்கு மருத்துவர் துணையோடு மாறுவது நல்லது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் புரத அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்பதால் தனியாக முடிவெடுக்காதீர்கள். உணவைக் கையளவிலோ கிண்ணத்திலோ அளக்காமல் தராசில் எடை போடுங்கள். தின்பண்டங்கள் நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இதில் தடையாக நிற்பது நாயின் பசியைவிட வீட்டிலுள்ளவர்களின் பாசம். அன்றைய நாளுக்கு உரிய தின்பண்டத்தைக் காலையிலேயே ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும், டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். நான் பார்த்த வரையில் இந்த ஒரு ஏற்பாடு, எவ்வளவு புத்திமதி சொன்னாலும் நடக்காததை நடத்திக் காட்டியிருக்கிறது.

எடை இறங்க மாதங்கள் ஆகும். அதுவரை நாய் வலியோடு காத்திருக்க வேண்டியதில்லை. நாய்களுக்கென்றே உள்ள அழற்சி எதிர்ப்பு வலி மருந்துகள் இருக்கின்றன: கார்ப்ரோஃபென், மெலாக்ஸிகாம், ஃபிரோகாக்ஸிப், ரோபெனாகாக்ஸிப். கிராபிபிரான்ட் என்ற ஒன்று, வலியைக் கடத்தும் ஒரே ஓர் ஏற்பியை மட்டும் அடைப்பது. மூட்டு தேய்ந்த நாய்க்குச் சிகிச்சையின் முதுகெலும்பு இந்த வகைதான். தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம், கல்லீரல் நிலையைப் பார்க்க வேண்டும். தொடரும்போது இடையிடையே மறுபடி பார்க்க வேண்டும். உணவோடு கொடுப்பதா, வெறும் வயிற்றிலா என்பது மருந்துக்கு மருந்து மாறும், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, கறுத்துத் தார்போலப் போகும் மலம், சாப்பாட்டில் வெறுப்பு, அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இந்த வகையிலேயே இரண்டை ஒன்றாகக் கொடுக்கவும் கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இடையில் சில நாள் விட வேண்டும்.

பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நாய் மிகவும் நொண்டும் நாளில் மட்டும் மருந்து கொடுத்து, நன்றாக இருக்கும் நாளில் மிச்சம் பிடிப்பார்கள். நீண்ட நாள் வலி நரம்பு மண்டலத்தையே கூர்மையாக்கிவிடுகிறது. தண்டுவடம் வலிச் செய்தியைப் பெருக்கி மேலே அனுப்பக் கற்றுக்கொள்கிறது. அப்படிக் கூர்மையானபின் லேசான தொடுதலும் வலிக்கும், அதே மருந்து பழையபடி வேலை செய்யாது. ஆகவே மருத்துவர் சொன்ன அளவில் சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்து வலியை முழுதாக அமர்த்தியபிறகு, எவ்வளவு குறைக்க முடியும் என்று அவரோடு சேர்ந்து பாருங்கள். எடை குறைந்து தசை கூடிய நாய்களில் அளவைக் குறைக்க முடிவதும் உண்டு.

இது போதாதபோது மேலும் சில உண்டு. அமண்டாடின், பெருக்கப்பட்ட அந்த நரம்பு வலியைத் தணிக்க மற்ற மருந்தோடு சேர்த்துத் தரப்படுவது. பலன் தெரியச் சில வாரம் ஆகும். கபாபென்டினும் இப்படிச் சேர்த்துத் தரப்படும். முதல் சில நாள் தள்ளாட்டமும் தூக்கமும் வரலாம். மனிதர்களுக்கான கபாபென்டின் திரவத்தில் சைலிட்டால் இனிப்பு கலந்திருக்கக்கூடும். அது நாய்க்கு நஞ்சு. டிராமடாலைப் பலர் கேட்டு வாங்குகிறார்கள். 2018இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் மூட்டு தேய்ந்த நாய்களுக்கு அது மருந்தே இல்லாத வெறும் பொய்மாத்திரையைவிட மேலாக இல்லை, அதனால் நான் அதை நம்பி இருக்கச் சொல்வதில்லை. பெடின்வெட்மாப் என்பது மாதம் ஒருமுறை தோலடியில் போடும் ஊசி. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற வலிச் சமிக்ஞையை அது கட்டிப்போடுகிறது. ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2023இலும் அனுமதி கிடைத்தது. அழற்சி எதிர்ப்பு மருந்து ஒத்துக்கொள்ளாத நாய்கள் சிலவற்றுக்கு அது பெரிய விடுதலையாக இருந்திருக்கிறது. அதே சமயம் தள்ளாட்டம், வலிப்பு, பின்னங்கால் பலவீனம் போன்ற புகார்கள் வந்ததால் 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பேச்சு வந்தால் இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிவெடுங்கள். ஏற்கெனவே நடையில் நரம்புக் கோளாறு உள்ள நாயா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

தரைக்கு வருகிறேன். மருந்துக்கு அடுத்து உங்கள் நாயின் நாளை மாற்றப்போவது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். வழுக்கும் தரையில் நிற்கும் மூட்டு வலி நாய், கால்கள் விரிந்துவிடாமல் இருக்க எல்லாத் தசைகளையும் இறுக்கிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வழுக்கலும் மூட்டுப் பையைச் சுண்டி இழுக்கும். இரண்டு முறை விழுந்தபின் அந்த அறைக்கே போகாது. நாம் சோம்பல் என்போம். படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம், சாப்பாட்டு இடம், வாசல் வரைக்கும் இடைவெளி விடாமல் ஒரு பாதையாக விரிப்பு போடுங்கள். அடியில் ரப்பர் உள்ளதாக இருக்கட்டும்; விரிப்பே நகர்ந்தால் வெறுந்தரையைவிட மோசம். யோகா விரிப்புகளை வரிசையாக ஒட்டியும் செய்யலாம். எழுந்து நிற்கும் இடத்திலும் திரும்பும் மூலையிலும் கண்டிப்பாக வேண்டும், ஏனென்றால் வழுக்குவது அங்கேதான்.

நகத்தைப் பாருங்கள். நடக்கும்போது தரையில் டக்டக்கென்று சத்தம் கேட்டால் நீளம் அதிகம். நீண்ட நகம் விரல்களைப் பின்னுக்குத் தள்ளி, பாதத்தின் பிடிப்பையும் நிற்கும் கோணத்தையும் கெடுக்கும். வயதான நாய் குறைவாக நடப்பதால் நகம் தானாகத் தேய்வதுமில்லை. பாத மெத்தைகளுக்கு நடுவே வளரும் முடியையும் கத்தரித்துவிடுங்கள். சாக்ஸ் போட்டுக்கொண்டு டைல்ஸில் நடப்பதுபோலத்தான் அது.

படுக்கை தடிமனாக, உறுதியாக இருக்க வேண்டும். நாய் முழங்கையை ஊன்றும் இடத்தில் உங்கள் முட்டியால் அழுத்திப் பாருங்கள், தரை தட்டக் கூடாது. ஆனால் உடல் புதையும் அளவுக்கு மெத்தென்றும் வேண்டாம், எழுவது கடினமாகிவிடும். காற்று வீசும் இடத்திலும் குளிர்ந்த வெறுந்தரையிலும் படுக்கை வேண்டாம். தண்ணீர் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். பாத்திரத்தை மார்பளவுக்குச் சற்றுக் கீழே உயர்த்தி வைத்தால் கழுத்துக்கும் முன்னங்கால்களுக்கும் சுகம். ஆனால் பெரிய, ராட்சத இனங்களில் உயர்த்திய பாத்திரத்தை வயிறு உப்பி முறுக்கும் ஆபத்தோடு ஓர் ஆய்வு தொடர்புபடுத்தியிருப்பதால், அவற்றுக்கு மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். வண்டியில் ஏற்ற இறக்கச் சாய்வுப் பலகை வேண்டும். குதித்து இறங்குவது ஏறுவதைவிட மோசம், பாரம் முழுவதும் முன்னங்கால் மூட்டுகளில் விழும். ஓரிரு படி தவிர்க்க முடியாதென்றால் அகலமான துண்டை வயிற்றின் பின்பகுதியில், பின்னங்கால்களுக்கு முன்னால், தூளிபோலப் போட்டுத் தாங்கிக்கொள்ளுங்கள். ஆண் நாயென்றால் துண்டு குறியை நெருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடை நிற்கக் கூடாது. ஒரே மூச்சில் 40 நிமிடம் நடத்துவதைவிட 10 நிமிடமாக மூன்று நான்கு வேளை நடத்துவது நல்லது. ஐந்து நாள் சும்மா வைத்துவிட்டு விடுமுறை நாளில் நெடுந்தூரம் கூட்டிப்போவது எல்லாவற்றிலும் கெடுதல். புல்தரை, மண்தரை நல்லது. முதல் சில நிமிடம் மிக மெதுவாக, உடல் சூடாகும் வரை. மோப்பம் பிடிக்க நின்றால் இழுக்காதீர்கள். அதற்கு நடை என்பதே பாதிக்குமேல் மூக்கின் வேலை. அளவு சரியா என்பதை மறுநாள் காலை சொல்லும்: வழக்கத்தைவிட விறைப்பு அதிகமென்றால் நேற்று நடந்தது அதிகம், பாதியாகக் குறைத்து மெல்லக் கூட்டுங்கள். பந்து எறிந்து விளையாடுவதை விட்டுவிடுங்கள், எவ்வளவு ஆசையாக வாயில் பந்தோடு வந்து நின்றாலும். அந்த ஆவேச ஓட்டமும் திடீர்த் திருப்பமும் சறுக்கி நிற்பதும் சிதைந்த மூட்டுக்குத் தாங்காது. உற்சாகத்தில் வலியை மறந்து ஓடிவிட்டு இரவெல்லாம் தவிக்கும். பதிலுக்குத் தின்பண்டத்தை வீட்டில் ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள்.

தசை வளர்க்க எளிய பயிற்சி ஒன்று: வழுக்காத விரிப்பில் உட்கார வைத்து நேராக எழச் செய்வது. மருத்துவர் சம்மதித்தால் ஐந்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. நீருக்குள் நடக்கும் ட்ரெட்மில் உள்ள இயன்முறைச் சிகிச்சை மையம் எட்டும் தூரத்தில் இருந்தால் அதைவிட நல்லது குறைவு. இடுப்பு மூட்டு உயரத்துக்கு நீர் நிற்கும்போது நாயின் கால்கள் தாங்குவது உடல் எடையில் சுமார் 38 சதவீதம்தான். முழங்கால் உயரத்தில் 85 சதவீதம். வலியில்லாமல் தசை வேலை செய்ய முடிவது அதனால்தான். நீந்தவிடுவதானால் குளிர்ந்த நீர் வேண்டாம், மிதவைச் சட்டை போடுங்கள், சரிவான கரை இருக்கட்டும்.

காலை விறைப்புக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் நல்ல துணை. உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துச் சுடாமல் இருந்தால், துணி சுற்றி இடுப்பிலும் தொடையிலும் 10 நிமிடம். பிறகு தொடைத் தசைகளை உள்ளங்கையால் மெல்ல உருவிவிடுங்கள். மூட்டின் மேலேயே அழுத்த வேண்டாம். அதிகம் நடந்து மூட்டு சூடாகி வீங்கியிருந்தால் அன்றைக்குக் குளிர் ஒத்தடம். நாய் விலகினால் நிறுத்திவிட வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் தூங்கும் நாயின் இடுப்பில் சாய்வதும் மேலே விழுவதும் கூடாது என்று சொல்லி வையுங்கள். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் பல்லைக் காட்டும்.

துணை ஊட்டங்களில் ஓரளவு நல்ல ஆதாரம் உள்ளது மீன் எண்ணெயின் ஒமேகா-3க்கு. சீட்டில் எண்ணெய் எவ்வளவு என்று பார்க்காமல் அதிலுள்ள ஒமேகா-3 வகைகளான ஈபிஏ, டிஹெச்ஏ இரண்டும் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். உங்கள் நாயின் எடைக்கு எவ்வளவு என்று மருத்துவர் சொல்வார். பலனைத் தீர்மானிக்க இரண்டு மூன்று மாதம் கொடுங்கள். எண்ணெயிலும் கலோரி உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள். மீன் ஈரல் எண்ணெய் வேறு. அதில் வைட்டமின் ஏ, டி கூடிப்போகும், வேண்டாம். குளுக்கோசமின், காண்ட்ராய்டினுக்கு ஆதாரம் மெலிவானது. கெடுதல் அதிகமில்லை, ஆனால் அதை வாங்கிக் கொடுத்துவிட்டு வலி மருந்தைத் தள்ளிப்போடுவது பெரிய கெடுதல்.

ஒரு குறிப்பேடு வையுங்கள். வலி மருந்து ஆய்வுகளில் பொய்மாத்திரை வாங்கிய நாய்களின் உரிமையாளர்களும் “நன்றாக நடக்கிறது” என்று சொல்வது தெரிந்த செய்தி. அன்பு கண்ணை ஏமாற்றும். அதனால் உங்கள் நாய் இப்போது செய்யத் தயங்கும் மூன்றைத் தேர்ந்தெடுங்கள்: எழுவதற்கு எத்தனை விநாடி, வாசல் படியை ஏறுகிறதா, இரவில் எத்தனை முறை இடம் மாறுகிறது. வாரம் ஒரு நாள், அதே இடத்தில், எழும் முதல் நிமிடத்தையும் நடப்பதையும் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் வீடியோ எடுங்கள். மருத்துவமனையில் பதற்றத்தில் எல்லா நாயும் நன்றாகவே நடந்து காட்டும். அந்த வீடியோதான் மருத்துவருக்கு உண்மையைச் சொல்லும்.

பின்னங்கால்கள் திடீரென இழுபட்டால், சிறுநீர் கட்டுப்பாடு போனால், ஒரு காலைத் தரையிலேயே வைக்க மறுத்தால் இந்தப் பட்டியலெல்லாம் காத்திருக்கட்டும், அன்றே போங்கள். தசைநார் அறுந்த முழங்காலுக்கும் மிகவும் கெட்ட இடுப்புக்கும் அறுவைச் சிகிச்சைகள் உண்டு. 12 வயது என்பதாலேயே அதை மறுக்க வேண்டியதில்லை. இதயமும் சிறுநீரகமும் எப்படி என்பதே முக்கியம்.

மறுபடி மாடி ஏறுமா என்று கேட்டீர்கள். வலி அடங்கினால் ஏறப் பார்க்கும், அநேகமாக இரண்டு மூன்று வாரத்திலேயே. ஆனால் ஏறவிட வேண்டாம் என்பேன். ஏறியதை இறங்க வேண்டும், வலி மருந்து மூட்டைப் புதிதாக்கிவிடவில்லை. படியின் அடியில் ஒரு தடுப்பு வையுங்கள். அதற்கு மாடி முக்கியமில்லை, உங்கள் மகளின் கட்டிலருகே இருந்த இடம்தான் முக்கியம். அவளை வாரத்தில் சில இரவுகளாவது கீழே, அதன் புதுப் படுக்கைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கச் சொல்லுங்கள். காலையில் அது எழும்போது முதல் பதினைந்து அடியை அவளே எண்ணிக் குறிப்பேட்டில் எழுதட்டும்.